ஆறு மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல்: மேலிருந்து பார்ப்பதா, முங்கிப் பார்ப்பதா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து டோபர்மோரியில் பிக் டப் என்றொரு சிறிய குடா இருக்கிறது. அதன் உட்கோடியில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற பாய்க்கப்பல் 1885-லிருந்து கிடக்கிறது. ஆழம் சுமார் 6 மீட்டர்தான். காற்றில்லாத காலைப்பொழுதில் படகிலிருந்து குனிந்து பார்த்தாலே முழுக்கப்பலும் தெரியும். ஊர்க் கிணற்றில் முங்கி, அடிமண்ணை அள்ளி வந்து மேலே நிற்பவர்களிடம் காட்டி வளர்ந்தவர்களுக்கு இந்த ஆழம் ஒரு பொருட்டாகவே தோன்றாது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நினைப்போடு ஒரு ஜூன் மாதம் தண்ணீரில் இறங்கினேன். பன்னிரண்டே நிமிடத்தில் பல் கிடுகிடுக்கப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முங்கியது ஒரே ஒருமுறை. அதுவும் பாதி வழி.

அதற்குப் பிறகு நிறையப் படித்து, கேட்டு, மறுபடியும் சில கோடைகளில் போய்ப் பார்த்துச் சேர்த்த கணக்குதான் இது. வட அமெரிக்கப் பேரேரிகளில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்க குழாயால் மூச்சு விட்டபடி மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்கெல், மூச்சடக்கி முங்கும் ஃப்ரீ டைவிங், முதுகில் காற்று டேங்க் கட்டி இறங்கும் ஸ்கூபா, கண்ணாடித் தரைப் படகு என்று நான்கு வழிகள் இருக்கின்றன. எதில் பணமும் நேரமும் போடலாம் என்று குழம்புபவர்களுக்காக எழுதுகிறேன். நீச்சலே தெரியாதவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கேள்வியே இல்லை, கண்ணாடித் தரைப் படகுதான். டோபர்மோரி, அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்து மியூனிசிங், அல்பீனா மூன்று இடங்களிலும் ஓடுகிறது. கால் நனையாது, கப்பலும் தெரியும். குறை என்னவென்றால், படகு நிற்கும் சில நிமிடங்களில் எல்லோரும் ஒரே கண்ணாடிக்கு முண்டியடிப்பார்கள். அந்த வழியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

முதலில் கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானவர்கள் "நான் எவ்வளவு நேரம் மூச்சடக்குவேன்?" என்பதில்தான் தொடங்குகிறார்கள். எந்தக் கப்பலைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கடலில் மூழ்கிய மரக்கப்பலைக் கப்பல் புழு என்ற துளைக்கும் சிப்பியினம் சில பத்தாண்டுகளில் தின்று தீர்த்துவிடும். நன்னீரில் அது வாழாது. குளிர்ந்த நீரில் மரம் மக்குவதும் மிக மெதுவாகத்தான் நடக்கும். அதனால் 19-ஆம் நூற்றாண்டு மரக்கலங்கள் இந்த ஏரிகளில் இன்னும் மரமாகவே கிடக்கின்றன.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கும் கப்பலைக் குளிர்காலப் பனிக்கட்டியும் புயல் அலையும் ஆண்டுதோறும் போட்டு அடிக்கும். பத்து, இருபது ஆண்டுகளில் பக்கச் சுவர்கள் சரிந்து, மேல்தளம் பிய்ந்து, அடிமரமும் விலா மரங்களும் மட்டும் தரையில் பாய் விரித்தது போலப் பரந்து கிடக்கும். ஹூரான் ஏரியில் ஃபார்ட்டி மைல் பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்கு அருகே 1905-ல் உடைந்த ஜோசப் எஸ். ஃபே அப்படித்தான். அடிப்பகுதி 5 மீட்டர் ஆழத்தில் இருக்க, பக்கவாட்டின் ஒரு பெரிய துண்டு கரை மணலிலேயே கிடக்கிறது. அதைச் செருப்போடு நடந்து போய்ப் பார்க்கலாம். ஆழத்துக்குப் போகப் போகக் கப்பல் முழுமையாக இருக்கும், பாய்மரம்கூட நிற்கும். ஆனால் அங்கே போக டேங்க் வேண்டும், பல இடங்களில் சாதாரண ஸ்கூபா பயிற்சியும் போதாது.

அதாவது எட்டும் கப்பல் உடைந்திருக்கும், முழுக்கப்பல் எட்டாது. மூச்சை மட்டும் நம்பிப் போகிறவனுக்கு ஏரி வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

இந்தக் கணக்குக்கு அடங்காத சில கப்பல்களும் உண்டு. அலை நுழையாத குடாவுக்குள் மூழ்கியவை அவை. ஸ்வீப்ஸ்டேக்ஸ் அதில் ஒன்று. 1867-ல் பர்லிங்டனில் கட்டப்பட்ட, 36 மீட்டர் நீளமான இரண்டு பாய்மரக் கப்பல். நிலக்கரி ஏற்றிப் போகும்போது கோவ் தீவருகே அடிபட்டது. பிக் டப்புக்கு இழுத்து வந்தார்கள், அங்கேயே மூழ்கிவிட்டது. உடற்கூடு அப்படியே இருக்கிறது. முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலி சுற்றும் உருளைகூட இடத்தை விட்டு நகரவில்லை. சுப்பீரியர் ஏரியில் மியூனிசிங் அருகே, கிராண்ட் தீவின் மரே குடாவில் கிடக்கும் பெர்முடாவும் அப்படித்தான். 1870-ல் மூழ்கிய இரும்புத்தாதுக் கப்பல். தரை 9 மீட்டர் ஆழம், மேல்தளமோ 4 மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். முழுமையாகவும் இருந்து, மூச்சுக்கு எட்டும் ஆழத்திலும் இருக்கும் கப்பல்கள் மிகச் சில. டேங்க் இல்லாமல் பார்ப்பது என்று முடிவெடுத்தால் பயணத்தை இவற்றைச் சுற்றித்தான் போட வேண்டும்.

இடையில் ஒரு விஷயம். 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற அந்நிய உயிரினத்தைக் கண்டுபிடித்தார்கள். கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு வந்து சேர்ந்தது. அதுவும் அதன் உறவான குவாகா சிப்பியும் கீழ் ஏரிகளை நிரப்பிவிட்டன. நீரை வடிகட்டித் தின்பதால் ஏரி பளிங்குபோல் தெளிந்தது, மேலிருந்து பார்ப்பவனுக்குக் கொண்டாட்டம். அதே சிப்பி கப்பல் மரத்தின் மேல் கூடைகூடையாய் அப்பிக்கொண்டு செதுக்கு வேலையையும் ஆணித் தலையையும் மூடிவிட்டது. ஓடு கை கிழிக்கும், கையுறை போடாமல் இறங்காதீர்கள். சுப்பீரியர் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, ஓடு கட்ட வழியில்லாததால் அங்கே சிப்பியும் மிகக் குறைவு. மர வேலைப்பாட்டை மரமாகவே பார்க்க ஆசைப்பட்டால் சுப்பீரியர்தான். அதற்கான விலையைக் குளிரில் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்நார்கெல்: எளிதுதான், மட்டமல்ல

ஸ்நார்கெலை நீச்சல் தெரிந்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, "ஒழுங்காகச் செய்வதென்றால் கீழே போகணும்" என்று சொல்பவர்கள் உண்டு. நானும் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை.

மேலே மிதந்தபடி பார்க்கும்போது கப்பல் ஒரு வரைபடம்போல் விரியும். அணியம் எது, பின்பக்கம் எது, சரக்கு அறையின் வாய் எங்கே என்று ஒரே பார்வையில் பிடிபடும். சரிந்து பரந்து கிடக்கும் கப்பல்களுக்கு இதைவிட நல்ல கோணமே கிடையாது. கீழே தரையோடு தரையாய் ஊர்ந்தால் பலகைக் குவியல்தான் தெரியும். மேலே வந்தால்தான் அது கப்பலாகும். 36 மீட்டர் நீளக் கப்பலின் விளிம்பை மெதுவாக ஒருமுறை சுற்றி, அப்புறம் நடுக்கோட்டின் மேல் ஒருமுறை போனால் அரை மணி நேரம் ஓடிவிடும். அந்த அரை மணியும் கண் கப்பலின் மேலேயே இருக்கும்.

தேவைகளும் குறைவு. முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், குழாய், காலுக்குத் துடுப்பு, உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையான வெட்சூட். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இப்போது பிரபலம். மிதந்து பார்ப்பது மட்டும்தான் என்றால் சிலருக்கு வசதி. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு முங்கக் கூடாது. மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்ய முடியாது, உள்ளே இருக்கும் பெரிய காற்றிடமும் ஆழத்தில் சுருங்கி முகத்தை இழுக்கும். பின்னால் முங்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மூக்கை மூடும் சாதாரண மாஸ்க்கே வாங்குங்கள்.

ஸ்நார்கெலின் உண்மையான குறை, பக்கவாட்டுப் பார்வை கிடைக்காது என்பதுதான். முன்பக்கம் எவ்வளவு கூர்மையாக நீரைக் கிழிக்கும்படி செதுக்கியிருக்கிறார்கள், பலகைகளை எப்படி வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் மேலிருந்து தெரியாது. கப்பலின் உயரத்தைப் பார்க்கக் கப்பலின் மட்டத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கேதான் அடுத்த வழி வருகிறது.

ஃப்ரீ டைவிங்: நிமிடக் கணக்கும் காதுக் கணக்கும்

முதலில் ஒரு கூட்டல் கழித்தல். 6 மீட்டர் இறங்க ஏழெட்டு விநாடி, ஏற ஏழெட்டு விநாடி. கீழே நிதானமாக 20 விநாடி பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முங்கல் 35 விநாடி. மேலே வந்தால் முங்கிய நேரத்தின் இரண்டு மடங்காவது மூச்சு வாங்க வேண்டும் என்பது பொதுவான விதி. இடம் பிடித்து நிதானிப்பதையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். நாற்பது நிமிடத்தில் 20 முங்கல். கப்பல் மட்டத்தில் நீங்கள் உண்மையில் செலவிட்டது 7 நிமிடத்துக்கும் குறைவு.

ஏழு நிமிடத்துக்காக இவ்வளவா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். என் பதில், அந்த ஏழு நிமிடம் வேறு தரம் என்பதுதான். ஸ்கூபாவில் உங்கள் மூச்சுச் சத்தமே காதை அடைக்கும், குமிழி வெடித்து மீன் ஓடும். மூச்சடக்கி இறங்கும்போது சத்தமே இல்லை. கப்பலின் முன்பக்கம் முகத்துக்கு நேரே எழுந்து நிற்கும் அந்த இருபது விநாடியை ஒரு கோடை முழுக்க மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்நார்கெலில் கப்பலை ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டவனுக்குத்தான் அது பயன்படும். எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல் முங்கினால் இருபது விநாடியும் தேடுவதிலேயே போய்விடும்.

அடுத்தது காது. நீரில் சுமார் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும், உடலுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். மறுபடி பாதியாக 30 மீட்டர் போக வேண்டும். அதாவது மாற்றம் மிக வேகமாக நடப்பது முதல் சில மீட்டர்களில்தான். "ஆறு மீட்டர்தானே" என்று நினைக்கும் ஆறு மீட்டரில்தான் காதுக்கு முழு வேலை. வலி தொடங்கும் முன்பே, இறங்கத் தொடங்கும்போதே, மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றை அனுப்பிக்கொண்டே போக வேண்டும். தலைகீழாக இறங்கிக்கொண்டே இதைச் செய்வது முதலில் பலருக்கு வராது. கிணற்றில் காது வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்ட பழக்கம் இங்கே உதவாது, செவிப்பறையைக் கிழிக்கும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு ஸ்நார்கெலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிணற்றுப் பழக்கத்தில் இன்னொன்று அதைவிட மோசம். யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று போட்டி போடும்போது ஐந்தாறு முறை வேகவேகமாகப் பெருமூச்சு இழுத்துவிட்டு இறங்குவோமே, அதுதான் ஆளைக் கொல்லும் பழக்கம். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது முக்கியமாக இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டால் அது வெளியேறும், பிராணவாயு பெரிதாகக் கூடிவிடாது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறோம் என்று அர்த்தம். அப்புறம் ஏறும்போது அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் மிச்சமிருக்கும் பிராணவாயுவின் அழுத்தமும் சடாரென்று சரியும். மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழே, சில சமயம் மேலே வந்து முதல் மூச்சை இழுத்த பிறகும்கூட, எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பும். ஆழம் குறைவாக இருப்பது இதற்குப் பாதுகாப்பே அல்ல. நன்றாக நீந்துபவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது.

ஆகவே ஒருவர் முங்கும்போது ஒருவர் மேலே இருந்து பார்ப்பது, முங்கியவர் வந்து தெளிவாகப் பேசி அரை நிமிடம் ஆகும்வரை கண்ணை எடுக்காதது, இது இரண்டும் இல்லாமல் ஃப்ரீ டைவிங் கிடையாது. முத்துக்குளிக்க இறங்குபவர் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார், தங்கையின் தாலிக்காகவாவது விடமாட்டான் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மச்சானே வேண்டும் என்றில்லை. படகில் உட்கார்ந்து மொபைல் பார்க்கும் நண்பர் மட்டும் வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து முங்கினாலும் தனியாக முங்கியது போலத்தான்.

இதையெல்லாம் எழுத்தில் படித்துக் கற்க முடியாது. இரண்டு மூன்று நாள் தொடக்கப் பயிற்சி இருக்கிறது, பொதுவாக 10 முதல் 20 மீட்டர் ஆழத்துக்குள். மயங்கியவரை மேலே கொண்டுவந்து மீட்பதைக் கைப்பழக்கமாகவே சொல்லிக்கொடுப்பார்கள். அதற்காகவே அந்தச் செலவு தகும். அது முடிந்தால் ஸ்வீப்ஸ்டேக்ஸின் தரையும் பெர்முடாவின் மேல்தளமும் உங்கள் எல்லைக்குள் சௌகரியமாக வந்துவிடும். இன்னும் ஆழமாகப் போகத் துடிக்காதீர்கள், ஏரி அங்கே வேறு ஒன்றை வைத்திருக்கிறது. அதற்கு வருகிறேன். ஒரு விதி மட்டும் இப்போதே: எவ்வளவு பயிற்சி இருந்தாலும், அறையின் வாய் எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும், மூச்சை அடக்கிக்கொண்டு கப்பலுக்கு உள்ளே நுழையக் கூடாது.

ஈயக்கட்டி பெல்ட் பற்றியும் ஒரு வார்த்தை. கடலில் பழகியவர்கள் அதே எடையைக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்குவார்கள். நன்னீரின் அடர்த்தி கடல் நீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் குறைவு. நடுத்தர உடம்புக்கு ஏறக்குறைய 2 கிலோ குறைக்க வேண்டும். நான் குறைக்கவில்லை. மேலே மிதந்து மூச்சு வாங்க வேண்டிய நேரமெல்லாம் காலடித்துக்கொண்டே இருந்தேன், ஓய்வே கிடைக்கவில்லை. மேற்பரப்பில் மூச்சை வெளியே விட்ட பிறகும் தலை மிதக்க வேண்டும், அதுதான் அளவு.

குளிர்தான் முடிவெடுக்கும்

தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதனால் ஆழமான ஏரியின் அடிநீர் கோடையிலும் அந்த 4 டிகிரிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். வெயில் மேலடுக்கை மட்டும் சூடாக்கும். ஆகஸ்டில் டோபர்மோரிப் பக்கத்து ஜார்ஜியன் குடாவின் மேற்பரப்பு 18, 20 டிகிரிவரை போகலாம். அதற்குக் கீழே ஓர் எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் திடீரென்று பனிப்பெட்டியில் தலையை விட்டதுபோல் இருக்கும். அந்தக் கோடு எத்தனை மீட்டரில் இருக்கும் என்பது மாதத்தையும் காற்றையும் பொறுத்தது. ஒரே இரவில் கரைக்காற்று மேலடுக்கைத் தள்ளிவிட்டு அடிநீரை மேலே கொண்டுவந்துவிடும். நேற்று சுகமாக இருந்த இடம் இன்று உறைய வைக்கும். சுப்பீரியரில் நடுக்கோடையிலும் 15 டிகிரியை எட்டாத இடங்கள் உண்டு.

இதை வைத்துப் பார்த்தால் மூன்று வழிகளின் தரவரிசையே மாறிவிடுகிறது. ஸ்நார்கெல் செய்பவர் சூடான மேலடுக்கிலேயே இருக்கிறார், ஆனால் அசைவு குறைவு, மெதுவாகக் குளிர் ஏறும். ஃப்ரீ டைவர் குளிருக்குள் அரை நிமிடம் போய்ச் சூட்டுக்கு வந்துவிடுகிறார், ஆனால் நடுக்கம் தொடங்கினால் பிராணவாயு வேகமாகக் கரையும், மூச்சடக்கும் நேரம் பாதியாகும். அதுமட்டுமல்ல, வெட்சூட்டின் ரப்பருக்குள் இருப்பதும் காற்றுக் குமிழிதான். ஆழத்தில் அது நசுங்கி மெலியும். குளிர் கூடும் இடத்தில்தான் கம்பளி மெலிகிறது. ஸ்கூபா செய்பவர் அந்த 4 டிகிரிக்குள் அரை மணி இருக்க வேண்டும். 7 மில்லிமீட்டர் வெட்சூட் அல்லது உடம்பு நனையாத டிரைசூட் இல்லாமல் முடியாது. டேங்கின் காற்றை வாய்க்குத் தரும் சாதாரண ரெகுலேட்டர் அந்தக் குளிரில் உறைந்து காற்றைக் கொட்டத் தொடங்கும் என்பதால் குளிர்நீருக்கென்றே செய்தது வேண்டும்.

என் ஜூன் மாதக் கூத்துக்கு வருகிறேன். வாடகைக்கு எடுத்தது 3 மில்லிமீட்டர் வெட்சூட், தலைக்கு ஒன்றுமில்லை. கொடுத்தவர் "போதும்" என்றார், நானும் தலையாட்டினேன். வெப்பமான கடலுக்கு அது போதும். ஏரிக்கு, ஸ்நார்கெல் மட்டும் என்றாலும், 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தலையை மூடும் உறையும் கையுறையும் விருப்பத்துக்கு உரியவை அல்ல, கட்டாயம். இறங்கிய முதல் இரண்டு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இறைக்கும். அது அடங்கும்வரை படகைப் பிடித்துக்கொண்டே மிதந்திருங்கள். ஜூனைவிட ஆகஸ்ட் பல மடங்கு மேல். நாள் தேர்வு உங்கள் கையில் இருந்தால் கருவியில் செலவு செய்வதைவிட மாதத்தை மாற்றுவது மலிவு.

ஸ்கூபா யாருக்கு

10 மீட்டருக்குக் கீழே கிடக்கும் கப்பல்தான் உங்கள் கனவென்றால் பேச்சே இல்லை, ஸ்கூபா. மூன்று நான்கு நாள் அடிப்படைப் பயிற்சி, 18 மீட்டர்வரை அனுமதி. ஆனால் அந்தச் சான்றிதழை வெப்பமான இடத்தில் வாங்கிவிட்டு நேரே இங்கே வருபவர்கள் குளிரிலும் கருவியின் கனத்திலும் திணறுகிறார்கள். டோபர்மோரியின் பெயர்பெற்ற அரேபியா, 1884-ல் மூழ்கிய பாய்க்கப்பல், 30 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே போய் உயிரிழந்த டைவர்கள் உண்டு. அது அடிப்படைச் சான்றிதழுக்கான கப்பல் அல்ல.

6 மீட்டர் கப்பலுக்கு ஸ்கூபா தேவையா? நாற்பது நிமிடம் கப்பல் மட்டத்திலேயே இருந்து படமெடுக்க வேண்டும் என்றால் சரி. இல்லையென்றால் என் பார்வையில் வீண். டேங்கைச் சுமந்து, எடை கட்டி, கழுவி, காயவைத்து, அப்புறம் விமானம் ஏறப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டியதை ஒரு குழாயோடு பார்த்துவிடலாம். தவிர, மேல்தளத்துக்கு அடியில் விடும் மூச்சுக் குமிழிகள் அங்கேயே தேங்கிப் பழைய மரத்துக்குக் கேடு செய்யும். ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள்: காலையில் ஸ்கூபா, மாலையில் ஃப்ரீ டைவிங் என்று ஒரே நாளில் வேண்டாம். ஸ்கூபாவுக்குப் பிறகு உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், மூச்சடக்கி வேகமாக இறங்கி ஏறுவது அதைக் கெடுக்கும்.

எதில் போனாலும் சில விதிகள் பொது. ஸ்வீப்ஸ்டேக்ஸ் இருப்பது ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்காவுக்குள், 1987-ல் அமைக்கப்பட்டது. டைவர்கள் முதலில் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பிக் டப்பில் சுற்றுலாப் படகுகளுக்கும் நீரில் இறங்குபவர்களுக்கும் நேரம் பிரித்துவைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். மூச்சு முட்டி மேலே வரும் தலைக்கு மேல் கண்ணாடித் தரைப் படகு நிற்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். மிதவையும் கொடியும் ஸ்நார்கெலுக்கும் வேண்டும். மிஷிகனில் அந்தக் கொடியிலிருந்து 200 அடிக்கு அப்பால் படகுகள் விலகிப் போக வேண்டும், நீங்களும் கொடியை விட்டு 100 அடிக்கு மேல் அலையக் கூடாது. கப்பலிலிருந்து ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. மிஷிகனில் அது குற்றம், ஒன்டாரியோவிலும் சட்டம் தடுக்கிறது.

என் தேர்வு

நீச்சல் தெரியும், கோடையில் நான்கைந்து நாள் கிடைக்கும், இதுவரை எதுவும் கற்றதில்லை என்றால் தயங்காமல் ஸ்நார்கெல். நல்ல வெட்சூட்டுக்குப் பணத்தைப் போடுங்கள், ஆகஸ்டில் போங்கள், குடாவுக்குள் கிடக்கும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். அந்த நான்கைந்து நாளில் அவசர அவசரமாகச் ஃப்ரீ டைவிங் பயிற்சியையும் திணிக்க வேண்டாம். குளத்தில் அதைக் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டு அடுத்த கோடையில் இரண்டு பேராய் வாருங்கள். ஸ்கூபா ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும் இந்த ஆழம் குறைந்த கப்பல்களில் ஒரு நாளாவது டேங்கைக் கரையில் விட்டுவிட்டு வரச் சொல்வேன்.

இந்த நான்கு வழியையும் ஒரே கப்பலில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. சுப்பீரியரில் ராயல் தீவின் வாஷிங்டன் துறைமுக வாயிலில், 1928-ல் பாறையில் மோதி மூழ்கிய அமெரிக்கா என்ற கப்பல். பயணிகளும் ஊழியர்களும் தப்பிவிட்டார்கள், கட்டிப்போட்டிருந்த ஒரு நாய் மட்டும் போய்விட்டது. சரிவான பாறையில் கிடப்பதால் அதன் அணியம் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே, பின்பக்கமோ 25 மீட்டர் ஆழத்தில். படகில் இருப்பவருக்கு முன்நுனி தெரியும், ஸ்நார்கெல் போட்டவருக்கு முன்தளம், மூச்சடக்குபவருக்கு நடுப்பகுதியின் தொடக்கம், மீதியெல்லாம் டேங்க் உள்ளவருக்கு. நான் இன்னும் போகவில்லை. போனால் அணியத்திலிருந்து சரிவோடு இறங்கி 8 மீட்டரில் திரும்பிவிடுவதாகத் திட்டம், மேலே கயிறு பிடிக்க ஒரு ஆளையும் பேசி வைத்திருக்கிறேன். மச்சான்தான்.